கானியோ லாபென்னாவின் சாவு போஸ்டர்

பொத்தென்சா நகரத்திலிருந்து வரும் பத்து மணி பஸ்ஸில் கானியோ லாபென்னா தென் இத்தாலியில் எங்கள் செர்ரால்பா ஊர்ச் சதுக்கத்தில் வந்து இறங்கியபோது, ஊரைப் பொறுத்தவரை அவன் ஏற்கெனவே செத்துப்போயிருந்தான்.

அது அவனுக்குத் தெரியாது. மகள் எஜீதியா வீட்டில் சில நாள் நன்றாகத் தின்றுவிட்டு, ஒரு கையில் பையும் மறு கையில் தொப்பியுமாக இறங்கினான். பின்னாலேயே அவன் பெண்டாட்டி மிகெலீனா, பஸ் படி உயரமாக இருக்கிறது என்று டிரைவரை வைதுகொண்டே இறங்கினாள். காபிக் கடை வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே எழுந்து நின்றார்கள். ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான். இன்னொருவன் சட்டென்று சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டான். கெட்டது எதிரே வந்தால் இரும்பைத் தொடுவது எங்கள் வழக்கம். பஸ்ஸிலிருந்து இறங்குகிற மனுஷனைப் பார்த்து எவனாவது இரும்பைத் தொடுவானா? தொட்டான்.

"என்னடா இது, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?" என்றான் கானியோ.

"பேயைத்தான் பாக்குறோம்" என்றான் கடைக்காரன். கையை மட்டும் நீட்டிக் கோயில் சுவரைக் காட்டினான்.

சுவரில் கறுப்புக் கட்டம் போட்ட புது போஸ்டர். விடிகாலையில் ஒட்டியிருந்தார்கள். கானியோ கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தான். 'கானியோ லாபென்னா ஆண்டவரிடம் சேர்ந்தார். கண்ணீருடன் குடும்பத்தார். இன்று மாலை ஐந்து மணிக்குப் பெரிய கோயிலில் திருப்பலி.' அவ்வளவுதான்.

அவன் கையும் சட்டைப்பைக்குள் இரும்பைத் தேடியது. தன் பேரைக் கறுப்புக் கட்டத்துக்குள் பார்த்தால் யார் கையும் தேடும். ஒரு நொடிதான். அப்புறம் விஷயம் புரிந்துவிட்டது.

புரியாமல் என்ன? எங்கள் பக்கத்தில் மகனுக்குப் பிறக்கும் மூத்த பையனுக்கு அப்பனைப் பெற்ற தாத்தா பேர்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஸ்பானியர் ஆண்டார்கள், போனார்கள். நேப்பிள்ஸ் ராஜா ஆண்டார், அவரும் போனார். இத்தாலி என்று ஒரு தேசம் வந்தது. லாபென்னா வீட்டில் மட்டும் ஒரு மாற்றமும் கிடையாது. கானியோவுக்கு எஜீதியோ பிறப்பான், எஜீதியோவுக்குக் கானியோ பிறப்பான், கோயில் புத்தகத்தில் பாதிரியார் அதையே எழுதி எழுதிக் கை வலித்துப் போவார். கடைசித் தாத்தா கானியோவுக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேரும் அவரவர் மூத்த பையனுக்கு அப்பா பேரையே வைத்தார்கள். ஆகையால் ஊரில் இரண்டு கானியோ லாபென்னா. இவன் பஸ் ஓட்டியவன், பஸ் கானியோ. இவனுடைய சித்தப்பா மகன் கார் தொழிற்சாலை வேலைக்கு டூரின் போய் அங்கேயே தங்கிவிட்டவன், டூரின் கானியோ. போஸ்டரில் பேருக்குக் கீழே பட்டப்பேரைப் போட்டால்தான் எந்தக் கானியோ என்று விளங்கும். இந்தப் போஸ்டரில் அது இல்லை.

"பாவம், டூரின் கானியோ போயிட்டான்" என்றான் கானியோ. தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். சின்ன வயசில் இரண்டு பேரும் ஒரே கழுதை மேல் ஏறி விழுந்தவர்கள்.

"நாங்க நீன்னு நெனைச்சோம்" என்றான் கடைக்காரன். "பாதிரியார் பொத்தென்சாவுக்குப் போன் போட்டுப் பாத்தாரு. எடுக்கல."

"எஜீதியா வேலைக்குப் போயிட்டா, நாங்க பஸ்ல இருந்தோம். சரி, ஒருத்தருக்குமா டூரின்காரன் ஞாபகம் வரல?"

கடைக்காரன் தலையைச் சொறிந்தான். "ஒருத்தர் பேரையும் போடலையே போஸ்டர்ல. அதான் நீயேன்னு முடிவு பண்ணிட்டோம்."

"ஏன்?"

"ஏன்னா… உன் தம்பி சவீனோ பேரைப் போடக் கூடாதுன்னு மிகெலீனா எல்லார் பேரையும் எடுத்துட்டான்னு நெனைச்சோம்."

கானியோ கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டான். மிகெலீனாதான் வாயைத் திறந்தாள். "அடப்பாவிகளா! கோயில்ல கைப்பிடிச்ச புருஷன் செத்த போஸ்டர்ல என் பேரையே போட்டுக்காம விட்டுடுவேனா நானு? என்னைப் பத்தி நல்லா நெனைச்சீங்கப்பா!"

ஆனால் ஊர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. எங்கள் ஊரில் ஒரு மனுஷனின் சாவு போஸ்டர்தான் அவன் குடும்பம். மனைவி பேர், பிள்ளைகள் பேர், மருமக்கள், பேரக்குழந்தைகள், தம்பி தங்கை என்று வரிசையாக இருக்கும். நாங்கள் போஸ்டரைப் படிப்பது யார் செத்தார்கள் என்று பார்க்க இல்லை. அது காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். யார் பேர் இருக்கிறது, யார் பேர் இல்லை என்று பார்க்கத்தான் படிப்போம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா எஜீதியோ செத்தபோது, கானியோ போட்ட போஸ்டரில் அவனுடைய ஒரே தம்பி சவீனோவின் பேர் இல்லை.

காரணமும் ஊருக்கே தெரியும். கானியோவுக்குப் பையன் பிறக்கவில்லை. ஒரே பெண், அவளுக்கே எஜீதியா என்று அப்பா பேரை வைத்து ஆறுதல் பட்டுக்கொண்டான். சவீனோ மிலானில் வேலை பார்த்த காலத்தில் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஊரே எஜீதியோ வருகிறான் என்று காத்திருந்தது. சவீனோ ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, வால்த்தெர் என்றான். வால்த்தெர்! பாதிரியாரே இரண்டு முறை கேட்டார். அப்பா மட்டும் அன்றைக்குப் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, பேரனை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு தட்டு பாஸ்தா தின்று, கடைசியில் பாட்டுக்கூடப் பாடினார். பெரிய மனுஷன், வலியை வெளியே காட்டாமல் இருக்கிறார் என்று கானியோ நினைத்தான். அந்த நினைப்பிலேயே வருஷக்கணக்காகக் கறுவிக்கொண்டு இருந்தான். சவீனோ மிலானை விட்டு ஊருக்கே திரும்பி வந்த பிறகும் கறுவல் போகவில்லை. அப்பா கண்ணை மூடிய அன்றைக்கு, போஸ்டர் அடிக்கும் ரொக்கீனோ, "பிள்ளைங்க பேரு?" என்று கேட்டபோது, "கானியோ. போதும்" என்று சொல்லிவிட்டான்.

சவீனோ அந்தப் போஸ்டரைக் கீழ்த்தெருக் குழாய்ச் சுவரில் பார்த்தான். சவ ஊர்வலத்தில் குடும்பத்தோடு நடக்காமல் கடைசி ஆளாக நடந்தான். புதைத்து முடித்து வெளியே வரும்போது அண்ணன் முன்னால் வந்து, "நீ சாவும்போது நான் வர மாட்டேன்" என்றான். அதுதான் கடைசிப் பேச்சு. கீழ்த்தெருவும் மேல்தெருவும் ஒரு படிக்கட்டு தூரம்தான். இத்தனை வருஷமும் இரண்டு பேரும் அந்தப் படிக்கட்டில் ஒருத்தரை ஒருத்தர் சுவராக நினைத்துக் கடந்து போனார்கள்.

கானியோ வீட்டுக்கு நடந்தான். கதவு அகலத் திறந்து கிடந்தது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் அக்கம்பக்கம்தான் சமைத்துக் கொண்டுவரும். மேஜை மேல் சட்டி சட்டியாகக் கோழிச் சாறு, ஒரு தட்டு நிறைய ஆட்டுக்கறி, பிளாஸ்கில் காபி. நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டுக் கறுப்பு உடுத்திய பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு வின்சென்சா, சாவு வீட்டு வழக்கப்படி, முகம் பார்க்கும் கண்ணாடிக்கெல்லாம் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தாள். கானியோவைப் பார்த்ததும் போட்டாளே ஒரு அலறல்!

"கத்தாதே வின்சென்சா, நான்தான். செத்தது டூரின்காரன்."

அலறல் நின்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு? விடியக்காலைலேர்ந்து உனக்காக அழுது அழுது என் தொண்டையே போச்சு! முட்டையிடற கோழிய அறுத்துட்டேன்யா உனக்காக!"

"நான் உயிரோட இருக்கறது அவ்வளவு கஷ்டமா இருக்கா?"

"கோழிக்குக் கஷ்டமா இருந்துச்சு."

பெண்கள் சிரித்தார்கள். பொய்யாக வந்த சாவுச் செய்தி ஆயுசைக் கூட்டும் என்றாள் ஒருத்தி. இன்னும் இருபது வருஷம் கெட்டி என்றாள் இன்னொருத்தி. கானியோ சிரிக்கவில்லை. சட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் மனசில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கேட்கவும் வெட்கமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"சவீனோ வந்தானா?"

வின்சென்சா கையிலிருந்த துணியை மடித்தாள். "வரல."

"அவன் பொண்டாட்டியாவது?"

"லொரெதானாவும் வரல. யாரும் வரல கானியோ அண்ணே."

கானியோ வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். தன் சாவுக்குத் தானே வந்தவன் மாதிரி தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டான். சவீனோ கோபத்தில் சொன்னான், அண்ணன் பிணத்தைப் பார்த்தால் ஓடி வந்துவிடுவான் என்று இத்தனை நாளும் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை இருந்ததால்தான் படிக்கட்டில் பேசாமல் போக முடிந்தது. இன்றைக்கு அதுவும் போயிற்று. செத்துப் பார்த்தாகிவிட்டது, அவன் வரவில்லை. கானியோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். அறுபத்தெட்டு வயசில் பெண்கள் முன்னால் அழக் கூடாது என்று எழுந்துவிட்டான்.

"எங்கே கெளம்பிட்டீங்க?" என்றாள் மிகெலீனா.

"ரொக்கீனோ கழுத்தை நெரிக்க."

"மொதல்ல சாறு குடிங்க, தெம்பா நெரிக்கலாம்."

அவன் நிற்கவில்லை.

ரொக்கீனோவின் கடையில் முன்பக்கம் சவப்பெட்டி, பின்பக்கம் அச்சு இயந்திரம். விடிகாலையில் போஸ்டரை ஒட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ச் சாவுக்குப் போனவன், அப்போதுதான் திரும்பியிருந்தான். ஊரே திட்டித் தீர்த்திருந்ததில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அடிக்கிறதுன்னா அடிச்சிடு கானியோ. நான் என்ன பண்ணுவேன்? நேத்து ராத்திரி டூரின்லேர்ந்து அவன் பொண்ணு போன் பண்ணினா. அடக்கம் அங்கேயே, ஊர்ல ஒரு திருப்பலி மட்டும்னா. அப்பா பேருக்குக் கீழே டூரின் கானியோன்னு போடவா அம்மான்னு கேட்டேன். எங்க அப்பா என்ன ரவுடியா, பட்டப்பேரு போடன்னு எரிஞ்சு விழுந்தா. சரி, குடும்பத்துல யார் யார் பேருன்னேன். இங்கெல்லாம் அப்படிப் போடறதில்ல, குடும்பத்தார்னு போட்டாப் போதும்னா. பட்டணத்துக்காரி, நான் என்னத்தை சொல்ல?"

"நாப்பது வருஷமா போஸ்டர் ஒட்டற மேஸ்திரிக்கு, இதைப் பாத்தா ஊர் யாரை நெனைக்கும்னு தோணலையா?"

"தூக்கக் கலக்கம்யா!"

பின்பக்கத்திலிருந்து அவன் மருமகள் சில்வானா, கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கடலோரத்துப் பெண், ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கானியோவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த கானியோவா? அப்போ ரெண்டாவது போஸ்டரும் தப்பா?"

"எந்த ரெண்டாவது போஸ்டர்?" என்றார்கள் இரண்டு பேரும்.

"மாமா அந்தப் பக்கம் போனதும் ஒருத்தர் வந்து கதவை ஒடைக்கிற மாதிரி தட்டினாரு. ஒரே ஒரு போஸ்டர் அடிச்சுக் குடுன்னாரு. ஒண்ணு போதும், நானே ஒட்டிக்கிறேன்னு பசை வாளியையும் பிரஷ்ஷையும் வாங்கிட்டுப் போனாரு. இன்னும் திருப்பிக் குடுக்கல."

"யாரு?"

"பேரு சவீனோ."

கானியோ அவ்வளவு வேகமாகப் படிக்கட்டு இறங்கிப் பல வருஷம் இருக்கும். கீழ்த்தெருக் குழாயடியில், அப்பாவின் போஸ்டர் இருந்த அதே இடத்தில், புதுக் காகிதம் ஒன்று கோணலாக ஒட்டியிருந்தது. அதில் ஆண்டவரும் இல்லை, கண்ணீரும் இல்லை. 'என் அண்ணன் கானியோ லாபென்னா செத்துப்போனான். தம்பி சவீனோ.' அவ்வளவுதான். தம்பி என்கிற சொல் மட்டும் செத்தவன் பேரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

கானியோ குழாய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்கு வராதவன் சுவருக்கு வந்திருக்கிறான். குடும்பத்தார் என்ற சொல்லுக்குப் பின்னால் தன்னை மறுபடியும் ஒளித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, தன் பேரைத் தானே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறான். கானியோ இப்போது அழுதான். குழாயடியில் யாரும் இல்லை, இருந்திருந்தாலும் அழுதிருப்பான்.

மேலேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. சவீனோதான். ஒரு கையில் வாளி, மறு கையில் சுரண்டும் தகடு. செய்தி அவனுக்கும் எட்டிவிட்டது. அண்ணனைப் பார்த்ததும் காது மடல் வரை சிவந்துபோனான்.

"உயிரோடதான் இருக்கியா?" என்றான். பதினோரு வருஷத்துக்கப்புறம் முதல் பேச்சு.

"இருக்கேன்."

"அப்போ எந்திரி. நான் அதை எடுக்கணும்."

"இருக்கட்டும்டா."

"இருக்கட்டுமா? உயிரோட இருக்கறவனுக்குச் சாவு போஸ்டர் ஒட்டின கேனயன்னு ஊரு சிரிக்குது. எந்திரி!"

"ஊர்தான் எனக்குக் கோழியே அறுத்துச்சு, சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். நீ ஏண்டா வீட்டுக்கு வரல?"

"வர மாட்டேன்னு சொல்லிட்டேன்ல!"

"பின்ன இது எதுக்கு?"

சவீனோ தகட்டால் சுவரைக் காட்டினான். "செத்தும் என் பேரைப் போடலையேன்னுதான். நம்ம அப்பனுக்கும் நான் புள்ள இல்ல, உனக்கும் நான் தம்பி இல்லன்னு சுவத்துல எழுதி வச்சா, நான் யாருடா இந்த ஊர்ல? அதான் நானே எழுதிட்டேன்."

"தப்புதான்" என்றான் கானியோ. "ஆனா நீ அப்பா மனசை ஒடைச்சே சவீனோ. அந்தக் கோவம் எனக்கு. அவரு பேரை ஏந்திக்க ஒரு பேரன் வருவான்னு…"

"அப்பாதான் வைக்காதேன்னாரு."

கானியோவுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "என்னது?"

சவீனோ வாளியைக் கீழே வைத்தான். "ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் ஒயின் கிடங்குக்குக் கூட்டிட்டுப் போனாரு. இந்தப் பேரு முந்நூறு வருஷமா பாரோன் பிரபு நிலத்துல மண்வெட்டி புடிச்சிருக்கு, இதை வச்சா மண்வெட்டியும் சேர்ந்து போகும்டா, என்னோட முடியட்டும், உங்க மிலான்காரன் பேரா ஏதாவது வைன்னாரு. வால்த்தெர்னேன். நல்லாதான் இருக்குன்னு சிரிச்சாரு."

புதுத் தொப்பி. இரண்டு தட்டு பாஸ்தா. பாட்டு. கானியோ எல்லாவற்றையும் இப்போது மறுபடி பார்த்தான். அப்பா வலியை மறைக்கவே இல்லை. அவர் நிஜமாகவே சந்தோஷமாக இருந்திருக்கிறார்.

"இதை ஏண்டா நீ என்கிட்ட சொல்லல? இத்தனை வருஷமா!"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. பெரியவன் பொண்ணுக்கே என் பேரை வச்சிருக்கான், அவன்கிட்ட சொல்லிடாத, மனசு ஒடைஞ்சிடுவான்னாரு." சவீனோ மூக்கை உறிஞ்சினான். "இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். நீ செத்துட்டேன்னு காலைல நெனைச்சேன் பாரு, அப்போதான் சொல்லாம விட்டுட்டோமேன்னு நெஞ்சு அடைச்சுது."

கானியோ குழாய்த் தண்ணீரில் முகத்தைக் கழுவினான். அப்புறம் எழுந்து வாளியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"வா" என்றான்.

"எங்கே?"

"வாடா."

ரொக்கீனோ இரண்டு லாபென்னாக்களும் சேர்ந்து வாசலில் நிற்பதைப் பார்த்து, தன்னை அடிக்கத்தான் ஆள் கூட்டி வந்திருக்கிறான் என்று சவப்பெட்டிக்குப் பின்னால் போய்விட்டான். கானியோ சில்வானாவிடம் பேசினான். "ரெண்டு போஸ்டர் அடிம்மா. ஒண்ணு டூரின் கானியோவுக்கு. பட்டப்பேரோட. கீழே அவன் பொண்ணு, நாங்கன்னு எல்லார் பேரும் வரணும். அந்தப் பொண்ணு திட்டினா நான் வாங்கிக்கறேன். செத்தவனுக்கு ஊர்ல யாரும் அழல, என்னை நெனைச்சு அழுதுட்டாங்க."

"இன்னொண்ணு?"

"எஜீதியோ லாபென்னா."

"எப்போ செத்தாரு?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

சில்வானா விரலை மடக்கி எண்ணினாள். "அப்போ வருஷ நினைவா? என்னைக்கு?"

"பிப்ரவரில" என்றான் ரொக்கீனோ பெட்டிக்குப் பின்னாலிருந்து. "இது ஜூன் மாசம் கானியோ. சும்மா ஒரு நாள்ல செத்தவருக்குப் போஸ்டர் போட்டா என்ன காரணம்னு போடறது?"

"காரணம் எதுவும் போடாத. பேரை மட்டும் போடு. கீழே பிள்ளைங்க பேரு." வாளியிலிருந்து பிரஷ்ஷை எடுத்துச் சவீனோவிடம் நீட்டினான். "சவீனோ, கானியோ."

"மூத்தவன் பேருதான் முதல்ல வரணும்" என்றான் சவீனோ.

"நான் அந்தச் சுவத்துல தனியாவே நின்னாச்சு. நீ முன்னாடி வா."

மை காயும் முன்பே எடுத்துக்கொண்டு போனார்கள். பிரஷ்ஷை சவீனோ பிடித்தான், காகிதத்தைக் கானியோ பிடித்தான். கானியோவின் சாவு மேலேயே அப்பாவை ஒட்டினார்கள். ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. சவீனோ உள்ளங்கையால் அழுத்தினான். தன் பேர் இருந்த இடத்தில் கையை எடுக்காமல் வைத்துக்கொண்டே நின்றான்.

"கையை எடுடா, மை அழிஞ்சிடும்" என்றான் கானியோ.

"அழியாது" என்றான் சவீனோ. ஆனால் எடுத்துவிட்டான்.

மாலைத் திருப்பலிக்கு ஊரே வந்தது. கறுப்புத் துணியை எல்லோரும் ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்தார்கள், வீணாக்குவானேன்? டூரின் கானியோவுக்காக முறைப்படி அழுதார்கள். குடும்பத்தார் உட்காரும் முன்வரிசையில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முடிந்ததும் சவீனோ லொரெதானாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தான். மிகெலீனா மேஜையில் இரண்டு தட்டு கூட வைத்தாள். வின்சென்சாவின் கோழிச் சாற்றைத் திரும்பச் சூடு பண்ண அடுப்பை மூட்டினாள்.